கூண்டுக்காரர் கபாசோவின் பகல் தூக்கம்

கபாசோவுக்குப் பெரிய ஆசைகள் எதுவும் கிடையாது. கார் வேண்டாம், தலைநகர் லுசாகாவில் மாடி வீடு வேண்டாம். பகலில் ஐந்தாறு மணி நேரம் ஒரே மூச்சாகத் தூங்க வேண்டும், அவ்வளவுதான். அதைக்கூடக் கொடுக்க மனசில்லாத ஊரில் வந்து பிறந்தோமே என்று அவர் புலம்பாத நாள் இல்லை.

வேலை அப்படிப்பட்டது. தாமிரச் சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கி ஏற்றும் கூண்டை ஓட்டுபவர் அவர். ஆனால் பூமிக்குள் போகமாட்டார். மேலே தகரக் கொட்டகையில், உயரமான நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே பெரிய வட்டத்தில் முள் நகர்வதைப் பார்த்தபடி பிடியைக் கையில் பிடித்திருப்பார். கூண்டும் கண்ணில் படாது, அதற்குள் தோளோடு தோள் உரசி நிற்கிற நாற்பது பேரும் படமாட்டார்கள். மணி அடிக்கும், முள் ஓடும். அவர் நிறுத்துகிற இடத்தில் நாற்பது உயிரும் நிற்கும். பேச்சுத் துணைக்கும் ஆள் கிடையாது. மோட்டார் மட்டும் தாலாட்டுப் பாடுவதுபோல் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருக்கும்.

முன்பெல்லாம் இந்தக் கூண்டுக்கு மூன்று ஓட்டுநர்கள் இருந்தார்கள். ஒருவர் ஓய்வு பெற்றுப் போனார். அவர் இடத்துக்கு ஆள் போடுகிறோம் என்று சொல்லிக்கொண்டே இருந்தவர்கள், கடைசியில் அந்த இடத்தையே கணக்கிலிருந்து அடித்துவிட்டார்கள். எட்டு மணி நேர ஷிப்ட் பன்னிரண்டாக நீண்டது. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி. உடம்பு ராத்திரிக்குப் பழகுகிற நேரம் பகல் ஷிப்ட் வந்துவிடும், பகலுக்குப் பழகுகிற நேரம் ராத்திரி வந்துவிடும். எந்நேரமும் கண்ணில் மண் விழுந்தமாதிரி எரிச்சல். வாயில் ருசியில்லை. நிஷிமாக் களியையும் பூசணிக் கீரையையும் மனைவி முன்னால் வைத்தால், "இது காலைச் சாப்பாடா, ராத்திரிச் சாப்பாடா?" என்று கேட்பார். முன்பு சிரித்துக்கொண்டே கேட்ட கேள்வி அது. இப்போது தட்டைத் தள்ளிவிட்டுக் கேட்கிறார்.

சுரங்கக் காலனிக்கோ அவருடைய தூக்கம் பொருட்டே இல்லை. அக்டோபர் வெயிலில் கூரைத் தகரம் அடுப்பிலேற்றிய சட்டிபோல் காயும். பக்கத்து வீட்டில் நிலக்கடலை இடிப்பார்கள். சந்தில் பிள்ளைகள் பிளாஸ்டிக் பையைச் சுருட்டிப் பந்தாக்கி உதைப்பார்கள். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எதிரே மதுக்கடை வைத்திருக்கும் கலாபா, வாசலில் ஆளுயர ஒலிபெருக்கி இரண்டை நிறுத்திக் காலை பத்து மணிக்கே பாட்டுப் போட்டுவிடுவார். அந்தப் பாட்டுக்குச் சன்னல் கண்ணாடி ஆடும், கபாசோவின் கட்டில் ஆடும், கட்டிலில் கிடக்கும் கபாசோவின் பல்லும் ஆடும்.

ஒருநாள் பொறுக்கமுடியாமல் அரைக்கால் சட்டையோடு போய் நின்றார்.

"கலாபா, கொஞ்சம் கொறச்சு வைய்யா. ராத்திரி பூரா முழிச்சுட்டு வந்திருக்கேன்."

"அண்ணே, நீங்க ராத்திரி முழிக்கிறதுக்கு நான் என்ன பண்ணுவேன்? பாட்டு இல்லைன்னா எவன் உள்ள வருவான்? இது என்ன கோயிலா?"

"மனுஷன் தூங்கணும்டா!"

"ஊரெல்லாம் ராத்திரி தூங்குது. நீங்க மட்டும் பகல்ல தூங்குவேன்னு அடம்புடிச்சா எப்படி?"

ஏதோ கபாசோ ஆசைப்பட்டுப் பகலில் தூங்குகிற மாதிரி. செவிடன் காதில் சங்கு ஊதின கதைதான். அவர் திரும்பி வந்து, காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, கூரையைப் பார்த்தபடி படுத்துக் கிடந்தார்.

இந்த லட்சணத்தில்தான் மூன்றாம் சந்தில் கட்டோங்கோ தாத்தா செத்துப்போனார்.

கபாசோ ராத்திரி ஷிப்ட் முடிந்து வீட்டுக்குள் கால் வைக்கும்போதே மனைவி சேதி சொன்னாள். அவளை எல்லோரும் லோம்பே அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள், மூத்த பிள்ளையின் பெயரால். அவரும் வீட்டில் லோம்பே அப்பாதான்.

"லோம்பே அப்பா, போயிட்டு வந்துடுங்க. தலைய மட்டுமாவது காட்டிட்டு வாங்க."

"கண்ணு செருகுது, லோம்பே அம்மா. சாயங்காலம் போறேனே."

"சாயங்காலம் வேலைக்கில்ல போவீங்க? உங்க அப்பாவுக்குக் குழி வெட்டினதே அந்த மனுஷன்தான். நாளைக்கு நமக்கு ஒண்ணுன்னா யாரு வந்து உக்காருவா?"

அதற்குமேல் பேச இடமில்லை. சாவு வீட்டில் போய் உட்காராதவனுக்கு எங்கள் பக்கம் மன்னிப்பே கிடையாது. கடன் வாங்கிவிட்டு ஓடினவனைக்கூட மன்னித்துவிடுவார்கள். உடம்பு மருத்துவமனைப் பிணக்கிடங்கில் இருக்கும். வீட்டுக்குள் சாமான்களை ஒதுக்கிவிட்டுப் பெண்கள் தரையில் உட்கார்ந்து அழுவார்கள். வாசலில் கரியடுப்பைச் சுற்றி ஆண்கள் உட்கார்ந்திருப்பார்கள். யாரும் எதுவும் செய்யவேண்டாம். உட்கார்ந்தால் போதும்.

கபாசோ போய் மரக்கட்டை ஒன்றில் உட்கார்ந்தார். நெருப்புச் சூடு முழங்காலில் பட்டது. பக்கத்தில் இருந்தவர் தாத்தாவின் காசநோய் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினார். அதற்குப்பிறகு நடந்தது கபாசோவுக்குத் தெரியாது.

அங்கேதான் ஜெரே இருந்தான். ஜெரே ங்கோனி இனத்தான், கபாசோ பெம்பா. பாட்டன் பூட்டன் காலத்தில் இரண்டு கூட்டமும் வெட்டிக்கொண்டு செத்தவை. சண்டை ஓய்ந்தபின் அது மாமன் மச்சான் கேலியாக மாறிவிட்டது. ங்கோனி பெம்பாவைக் குரங்கு தின்னி என்பான், பெம்பா ங்கோனியை எலி தின்னி என்பான், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. சாவு வீட்டில் இந்தக் கேலி இன்னும் கூடும். அழுது அழுது நெஞ்சடைத்துப் போகிறவர்களைச் சிரிக்க வைப்பது முறைக்காரனின் கடமை. அவன் பிணத்தையே கேலி பேசலாம், கேட்க ஆளில்லை. ஜெரே கபாசோவின் ஷிப்டிலேயே பூமிக்கு அடியில் துளை போடுகிறவன், கபாசோ இறக்கும் கூண்டில் தினமும் போகிறவன். நாக்கு மட்டும் முழநீளம்.

கட்டையிலிருந்து சரிந்து, வாயைப் பிளந்தபடி மண்ணில் கிடந்த கபாசோவை அவன் பார்த்தான். விடுவானா?

"ஐயோ! இங்க ஒண்ணு விழுந்துடுச்சே! வாங்கடா, ரெண்டாவது பொணம்!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டான். "குரங்குக் கறி ஜீரணமாகாம போயிட்டானே என் மச்சான்!"

இரண்டு மூன்று ங்கோனிகள் சேர்ந்துகொண்டார்கள். பெண்கள் இடுப்பில் சுற்றும் சிட்டெங்கே துணி ஒன்றைக் கொண்டுவந்து கபாசோவைத் தலையோடு கால் மூடினார்கள். சுற்றி வந்து ஒப்பாரி வைத்தார்கள். தாத்தாவின் மகள்கள்கூட உள்ளேயிருந்து வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். கபாசோ அசையவே இல்லை. கடைசியில் ஜெரே காலைப் பிடித்து ஆட்டியபோது விழித்தார். துணியை விலக்கினால் ஊரே நின்று சிரிக்கிறது. முறைக்காரன் செய்ததற்குக் கோபப்பட முடியாது. எழுந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு, "எலி தின்னிகளா" என்று முனகினார். குரலில் உயிரில்லை.

வீட்டுக்குப் போனபோது வெயில் தலைக்கு மேல் ஏறிவிட்டது. கலாபாவின் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

அன்று ராத்திரிதான் அது நடந்தது. விடிவதற்குச் சற்று முன்பு ஆட்களை மேலே ஏற்றிக்கொண்டிருந்தார். முள் நிறுத்தவேண்டிய கோட்டை நெருங்குவது தெரிந்தது. அடுத்து அவருக்குத் தெரிந்தது, தலைக்கு மேல் அபாய மணி அலறுவது. நடுவில் என்ன நடந்தது என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. கூண்டு நிற்கவேண்டிய தளத்தைத் தாண்டி ஓர் ஆள் உயரம் மேலே போய், தானாக இறுகும் பிரேக் பிடித்து, குலுங்கி நின்றிருந்தது. அந்தப் பிரேக் மட்டும் இல்லாவிட்டால் கோபுர உச்சியில் கயிறு ஓடும் சக்கரத்தில் போய் மோதியிருக்கும்.

ஏணி வைத்து ஒவ்வொருவராக இறக்கினார்கள். ஒருவனுக்கு நெற்றியில் ரத்தம். கடைசியாக இறங்கியவன் ஜெரே. அவன் கேலி எதுவும் பேசவில்லை.

ஷிப்ட் அதிகாரி சிகாஸ்வே கூப்பிட்டார். அவருடைய அறைச் சுவரில், வெள்ளை மெத்தையில் ஒருவன் சிரித்தபடி தூங்கும் படம் ஒட்டியிருந்தது. நன்றாகத் தூங்குங்கள், பத்திரமாக உழையுங்கள் என்று அதன் கீழே எழுதியிருந்தது. அந்த மெத்தை எந்த ஊரில் இருக்கிறதோ.

"என்னய்யா கபாசோ, தூங்கிட்டியா?"

"கண்ணு அசந்துடுச்சு சார். பொய் சொல்லமாட்டேன்."

"இன்னொரு தடவை ஆச்சுன்னா நாற்காலிய விட்டு எறங்கிடணும். அதுவும் எல்லாரும் உயிரோட இருந்தா. இல்லைன்னா நேரா ஜெயில்தான்."

"சார், மூணு வருஷமா கேக்குறேன். ராத்திரிக்கு இன்னொரு ஆள் போடுங்க. ரெண்டு மணி நேரம் அவன் ஓட்டட்டும், ரெண்டு மணி நேரம் நான் ஓட்டறேன்."

"ஆளுக்கு நான் எங்கய்யா போவேன்? எடம் காலியா இருந்தாத்தானே ஆள் கேக்க முடியும்? உன் எடத்துல நீ இருக்கியே. போ, வீட்டுக்குப் போய் நல்லாத் தூங்கிட்டு வா. இன்னிக்கு ராத்திரி நானே வந்து நின்னு பாப்பேன்."

நல்லாத் தூங்கிட்டு வாவாம். கடையில் போய் வாங்கி வரும் சாமானா அது? கபாசோவுக்கு அழுகை வந்தது. நாற்பத்தைந்து வயது ஆம்பிளை சுரங்க வாசலில் நின்று அழக்கூடாது என்று அடக்கிக்கொண்டார்.

வெளியே ஜெரே காத்திருந்தான். இரண்டு பேரும் சேர்ந்து நடந்தார்கள். வழியில் ஜெரே சொன்னான்:

"நேத்து நான் பண்ணினது தப்பு, மச்சான். அந்தத் தூக்கத்தையாவது விட்டிருக்கணும்."

"விடுடா."

"இன்னிக்கு நீ தூங்கற. உன் வாசல்ல ஈ கூடப் பறக்காது. அதுக்கு நான் பொறுப்பு."

"நீயே தூங்காம வர்ற. போய்ப் படு."

"எனக்கென்ன, பாறையில துளைதானே போடறேன். தூங்கிட்டா பாறை சந்தோஷப்படும்."

கபாசோ வீட்டுக்குப் போனார். லோம்பே அம்மா காய்கறிக் கூடையோடு சந்தைக்குக் கிளம்பிவிட்டிருந்தாள், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விட்டார்கள். காதில் பஞ்சை வைத்து, கண்ணின் மேல் துணியைக் கட்டிக்கொண்டு படுத்தார். பத்து மணி ஆகட்டும், பாட்டு வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டே கிடந்தார்.

பாட்டு வரவில்லை.

ஜெரே செய்தது இதுதான். மாமரத்தில் இரண்டு பெரிய கிளைகளை வெட்டிச் சந்தின் இரண்டு முனையிலும் சாலையில் போட்டான். எங்கள் பக்கம் சாலையில் பச்சைக் கிளை கிடந்தால் பக்கத்தில் சாவு என்று அர்த்தம். வண்டிகள் மெதுவாகப் போகும், பிள்ளைகள் பந்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். பிறகு கபாசோ வீட்டு வாசலில் கரியடுப்பு ஒன்றை மூட்டி, அதன் முன் கட்டை போட்டு உட்கார்ந்தான். கிளை போட்டால் சத்தம் அடங்கும், அதுவரைதான் அவன் யோசித்தான். அடுப்பும் மூட்டினால் ஆள் வரும் என்பது, ராத்திரி முழுக்கத் தூங்காத மண்டையில் ஏறவில்லை.

கடையைத் திறக்க வந்த கலாபா இதைப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். எதிர்ப்பக்கத்திலிருந்து கபாசோ வாசலுக்கு வந்தார்.

"ஜெரே, யாரு?"

ஜெரேயின் கண் பாதி மூடியிருந்தது. "உள்ள படுத்திருக்கான் என் மச்சான். இனிமே யாராலயும் எழுப்ப முடியாது," என்றான். "குரங்கு தின்னி, கடைசியில நிம்மதியாப் போயிட்டான்."

வேறு யாராவது இப்படிப் பேசியிருந்தால் விளையாட்டு என்று புரிந்திருக்கும். ஆனால் ங்கோனிக்காரன் பெம்பா செத்த வீட்டில் இப்படித்தான் பேசுவான். கேலி பேசினான் என்பதே சாவு நிஜம் என்பதற்குச் சாட்சி ஆகிவிட்டது. கலாபா ஓடிப்போய்க் கடையை இழுத்து மூடினார். ஜெரே அந்தக் கட்டையிலேயே, முழங்காலில் முகம் புதைத்துத் தூங்கிப்போனான். பார்த்தவர்கள் துக்கம் தாளாமல் உட்கார்ந்திருக்கிறான் என்று நினைத்தார்கள்.

செய்தி சந்து சந்தாகப் பரவியது. ராத்திரி கூண்டு தாண்டிய கதை ஏற்கெனவே காலனிக்குத் தெரியும். அந்த அதிர்ச்சியில் மாரடைப்பு என்று ஒருவர் சொன்னார். மாத்திரை சாப்பிட்டுவிட்டார் என்று இன்னொருவர் சொன்னார். உடம்பு மருத்துவமனைக் கிடங்குக்குப் போய்விட்டது என்று எல்லோரும் தாங்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். வீட்டில் பூட்டா இருக்கிறது? பெண்கள் உள்ளே வந்து, நாற்காலிகளை வெளியே போட்டு, முன்னறைத் தரையில் உட்கார்ந்து அழத் தொடங்கினார்கள். ஒரு மெல்லிய கதவுக்கு அந்தப்பக்கம் கபாசோ தூங்கிக்கொண்டிருந்தார். அழுகை அவருக்கு எங்கோ கனவில் கேட்டது. கட்டோங்கோ தாத்தாவுக்கு அழுகிறார்கள் என்று நினைத்துப் புரண்டு படுத்தார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு உடம்பு முழுக்கத் தூங்கிய தூக்கம் அது.

மூன்று மணி வாக்கில் லோம்பே அம்மா சந்தையிலிருந்து வந்தாள். சந்து முனையில் கிளை. தன் வீட்டு வாசலில் நெருப்பு. நெருப்பைச் சுற்றி ஆண்கள். இவளைப் பார்த்ததும் அவர்கள் எழுந்து தலை குனிந்தார்கள்.

கூடை கீழே விழுந்தது. தக்காளி சந்து முழுக்க உருண்டது.

"சொன்னேனே! அந்தக் கூண்டு ஒருநாள் உங்களக் கொண்டுபோயிடும்னு சொன்னேனே! லோம்பே அப்பா!"

அத்தனை பேர் அழுகைக்கும் எழாத மனிதர் அந்த ஒரு குரலுக்கு எழுந்தார். கண்ணில் கட்டிய துணியோடு கதவைத் திறந்துகொண்டு, அரைக்கால் சட்டையோடு பெண்கள் நடுவில் வந்து நின்றார்.

வீடு ஒரு நொடியில் காலியாயிற்று. ஒரு அம்மாள் சன்னல் வழியாகவே வெளியே குதித்துவிட்டாள்.

லோம்பே அம்மா மட்டும் ஓடவில்லை. அவர் மார்பில் ஓங்கி ஓங்கிக் குத்தினாள், பிறகு அதே மார்பில் விழுந்து அழுதாள். அழுது முடித்துவிட்டு வாசலுக்குப் போய், காலிக் கூடையை எடுத்து ஜெரேயின் தலையில் போட்டு மொத்தினாள். விழித்த ஜெரே, "கிளைதானே அக்கா போட்டேன்! செத்துட்டான்னு நான் சொல்லவே இல்லையே!" என்று சந்துக்குள் சுற்றிச் சுற்றி ஓடினான்.

கலாபா ஒரு மூட்டை சோள மாவோடு நின்றிருந்தார். சாவு வீட்டுக்கென்று கொண்டுவந்தது. கபாசோ அவரை உற்றுப் பார்த்தார்.

"நான் செத்தாத்தான் பாட்ட நிறுத்துவியாடா?"

"என்னண்ணே, சாவு வீட்டு முன்னால பாட்டுப் போடுவாங்களா? நான் என்ன மனுஷன் இல்லையா?" கலாபாவுக்கு உண்மையாகவே மனசு புண்பட்டுவிட்டது. மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். கால்மணி நேரத்தில் பாட்டு ஆரம்பித்தது. விட்ட நேரத்துக்கும் சேர்த்தோ என்னவோ, இன்னும் உரக்க.

இருந்தாலும் கபாசோ தூங்கியிருந்தார். கண் எரியவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, நிமிர்ந்து நடந்து வேலைக்குப் போனார். சிகாஸ்வே வந்து நின்று பார்க்கட்டும். ஒரு விரற்கடை பிசகாமல் நிறுத்திக் காட்டுகிறேன்.

கொட்டகைக்குள் போனால், அவருடைய நாற்காலியில் யாரோ உட்கார்ந்திருந்தான்.

முப்பது வயது இருக்கும். சாமான் கிடங்கில் வேலை பார்க்கிறவன். கூண்டு ஓட்டும் லைசென்ஸ் நாலு வருஷமாகப் பையில் வைத்திருக்கிறானாம். கபாசோவைப் பார்த்ததும் அவன் முகம் வெளிறிப்போனது.

சிகாஸ்வே ஓடி வந்தார். "யோவ், நீ செத்துட்டன்னு மதியமே தகவல் வந்துச்சேய்யா! மாலை போடக்கூட ஏற்பாடு பண்ணிட்டோம்!"

"இவன் யாரு சார்?"

"உன் எடத்துக்குப் போட்ட ஆளு."

"மூணு வருஷமா இல்லாத ஆளு மூணு மணி நேரத்துல எங்கேருந்து வந்தான்?"

"ஓட்டுநர் செத்தா அடுத்த ஷிப்டுக்குள்ள எடத்த நிரப்பணும், அது சட்டம். அவனுக்குத் தூக்கம் வருதுன்னா அதுக்குச் சட்டம் எதுவும் இல்லையே." சிகாஸ்வே கெட்டவர் இல்லை. சொல்லிவிட்டு அவரே தரையைப் பார்த்தார்.

"அப்ப இவன இங்கயே விடுங்க சார். ரெண்டு பேருமா ஓட்டறோம்."

"நீ உயிரோட இருக்கியே. எடம் காலி இல்லையேய்யா."

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். யானையாகப் பிறந்திருக்கலாம் என்று கபாசோவுக்குத் தோன்றியது. வாய்விட்டுக் கத்தவேண்டும் போலிருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது?

"இன்னிக்கு ராத்திரி எழுத்துல இவன் பேரு ஏறிடுச்சு," என்றார் சிகாஸ்வே. "நீ வீட்டுக்குப் போ. ஊரு மாதிரி ராத்திரியில தூங்கு. நாளைக்கு வந்து நாற்காலியில உக்காரு. இவன் கிடங்குக்குப் போயிடுவான்."

கபாசோ திரும்பினார். வழியில் கூண்டுக்குக் காத்திருந்த வரிசையில் ஜெரே நின்றான். நெற்றியில் கூடை பட்ட வீக்கம். "பொணம் வீட்டுக்குப் போகுதுடோய்!" என்றான். வரிசை சிரித்தது. கபாசோவும் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

வீட்டில் லோம்பே அம்மா புது விரிப்பு விரித்து வைத்திருந்தாள். பத்து மணிக்குள் ஊர் அடங்கியது. பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். கலாபா கடையைச் சாத்திவிட்டார். தகரம் குளிர்ந்திருந்தது, சன்னலில் காற்று வந்தது. நாய்கூடக் குரைக்கவில்லை. இப்படி ஒரு ராத்திரியைத்தானே அவர் மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்! கண்ணை மூடினார்.

கண்ணுக்குள் முள் ஓடியது. திறந்தார். மூடினார். மறுபடியும் முள். கை தானாகப் பிடியைத் தேடியது. இடதுபக்கம் புரண்டார், வலதுபக்கம் புரண்டார்.

"என்னங்க?" என்றாள் அவள், பாதித் தூக்கத்தில்.

"வரமாட்டேங்குதுடி. இருட்டுல எப்படித் தூங்கறதுன்னே மறந்துபோச்சு."

அவள் கையை நீட்டி அவர் நெஞ்சின் மேல் வைத்தாள். அது அங்கேயே இருந்தது, விடியும்வரை. விடிந்ததும் அவள் எழுந்து சந்தைக்குப் போனாள். பிள்ளைகள் போனார்கள். வெயில் தகரத்தில் ஏறத் தொடங்கிய பிறகுதான் கபாசோவின் இமை மெல்லக் கனத்தது, கை தளர்ந்தது, மூச்சு நீண்டது.

எதிரே கலாபா ஒலிபெருக்கியை வெளியே இழுத்து வைத்துக்கொண்டிருந்தார்.